இருபது டிகிரிக்கு மேல தான் பறக்கும்

சல்தான்யா பே, கடல் தண்ணி 14 டிகிரி

இரும்புத் தாது லோடு முடிஞ்சு இன்னைக்கு காலைல கெளம்பியாச்சு. தென்னாப்பிரிக்காவோட மேற்குக் கரை இது, இங்கேர்ந்து ஆப்பிரிக்காவோட தெக்கு முனைய சுத்திட்டு இந்தியப் பெருங்கடல குறுக்கா வெட்டி ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல இருக்குற சுந்தா ஜலசந்தி வரைக்கும் போகணும், நடுவுல துறைமுகம்னு ஒண்ணும் கெடையாது, தண்ணி தான். நான் ஃபோர்த் இன்ஜினியர். வாட்ச், அதாவது இன்ஜின் ரூம்ல முறை வெச்சு பாக்குற டூட்டி, அதோட லாக்புக்ல கடல் தண்ணி டெம்பரேச்சர்னு ஒரு கட்டம் இருக்கும், கூலர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க எழுதுறது, மத்தபடி அதை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இந்தப் பயணத்துல அந்த ஒரு கட்டத்த வெச்சுகிட்டு ஒரு மீன் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கலாம்னு இருக்கேன், நெட் கெடைக்கிறப்போ எழுதிப் போடுறேன்.

மீன் எதுன்னா பறவைக்கோலா. பறக்கும் மீன் குடும்பத்துல 60க்கு மேல இனம் இருக்கு, எல்லாமே சூடான கடல்காரங்க. புத்தகத்துல பூமத்திய ரேகைக்கு ரெண்டு பக்கமும் 40 டிகிரி அட்சரேகை வரைக்கும்னு போட்டிருப்பாங்க, அந்தக் கணக்குப்படி பாத்தா நாங்க நிக்கிற 33 டிகிரி தெக்குலயும் இருக்கணும், ஆனா நிஜமான எல்லை அட்சரேகை இல்ல, தண்ணியோட சூடு. 20 டிகிரிக்கு கீழ போயிட்டா கோலாவ பாக்குறது அபூர்வம்.

இங்க 14. பெங்குவேலா நீரோட்டம் ஓடுற கரை, தெக்கு காத்து மேல்தண்ணிய கரையிலேர்ந்து வெளிய தள்ளிகிட்டே இருக்கும், அந்த எடத்த நிரப்ப அடியிலேர்ந்து குளிர்ந்த தண்ணி மேல ஏறி வரும், அதோட சத்தும் சேர்ந்து வரும். தண்ணி பச்சையா கலங்கலா இருக்கு, நெத்திலி, மத்தி எல்லாம் கூட்டங்கூட்டமா வாழுற கடல், கேனட் பறவைங்க சொய்ங் சொய்ங்னு தலைகீழா குதிக்குதுங்க, சீல் ஒண்ணு மல்லாக்கப் படுத்துகிட்டு எங்கள பாத்துச்சு. சாப்பாடு கொட்டிக் கெடக்கு, கோலா மட்டும் ஒண்ணு கூட இல்ல.

அகுலாஸ் முனை தாண்டி, 17லேர்ந்து 22

இன்னைக்கு தான் விஷயம். என் 8-12 வாட்ச் ஆரம்பிக்கும்போது 17 காட்டுன தெர்மாமீட்டர் வாட்ச் முடியறதுக்குள்ள 22க்கு ஏறிடுச்சு. தெரியாதவங்க பாத்தா சென்சார் போச்சுன்னு தான் நெனைப்பாங்க. அகுலாஸ் நீரோட்டம் இது, ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரைய ஒட்டி வடக்கேர்ந்து சூடான தண்ணிய அள்ளிட்டு வந்து, கண்டம் முடியற எடத்துல அட்லாண்டிக்குள்ள போகாம பெரும்பங்கு அப்படியே வளைஞ்சு கிழக்கு நோக்கியே திரும்பிடும். நடுக்கடல்ல சுவரு வெச்ச மாதிரி, இந்தப் பக்கம் குளிரு அந்தப் பக்கம் வெதுவெதுப்பு. ஒரு விஷயம் சொல்லணும், நாங்க அளக்குறது மேல்தண்ணி இல்ல, லோடு ஏத்துன கப்பல்ல தண்ணி இழுக்குற வாய் ஏறக்குறைய 15 மீட்டர் ஆழத்துல இருக்கு, ஆனா இவ்ளோ காத்து அடிச்சு கலக்குற கடல்ல மேலயும் அந்த ஆழத்துலயும் பெருசா வித்தியாசம் இருக்காது.

மத்தியானம் வாட்ச் முடிச்சு சாப்ட்டுட்டு ஃபோக்சிலுக்கு போனேன், கப்பலோட மூக்குல. ஆல்பட்ராஸ் ரெண்டு இறக்கைய அசைக்காம பின்னாடியே வந்துட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு அலையோட முதுகுலேர்ந்து வெள்ளியா ஒண்ணு கெளம்பி அடுத்த அலைக்குள்ள போயிடுச்சு, அவ்ளோ தான், ஆனா அது கோலா தான், சந்தேகமே இல்ல.

சூட்டுக்கும் பறக்குறதுக்கும் என்ன சம்பந்தம்னா, மீனோட தசை அதைச் சுத்தி இருக்குற தண்ணி என்ன சூடோ அந்த சூட்டுல தான் வேலை செய்யும். தசை குளிர்ந்தா சுருங்கி விரியற வேகம் கொறையும். நீந்துறதுக்கு அது போதும், மெதுவா நீந்திட்டுப் போகலாம். ஆனா தண்ணிய விட்டு வெளிய பாயணும்னா ஒரு நொடிக்கு 10 மீட்டர் மாதிரி வேகம் வேணும், குளிர்ந்த தசையால அந்த வேகம் எடுக்க முடியாது. பறக்க முடியாத பறவைக்கோலா, தொரத்துற மீனுக்கு சாதாரண சின்ன மீன், அவ்ளோ தான். அதனால குளிர்ந்த தண்ணில சாப்பாடு எவ்ளோ இருந்தாலும் அது வராது.

32 தெக்கு, 21 டிகிரி

ரோலிங். ஃபோக்சிலுக்கு போக சீஃப் ஆபீசர் தடை போட்டுட்டாரு, முன்டெக் முழுக்க தண்ணி ஏறி எறங்குது. மீன் ஏதும் பாக்கல.

சும்மா இருக்குற நேரத்துல இன்னொன்னு யோசிச்சேன். கோலா மாட்டிகிட்ட இந்த சூட்டு எல்லைய சூரை மீன் குடும்பம் இன்ஜினியரிங் பண்ணி தாண்டிடுச்சு. சூரையோட நீந்துற தசைக்குப் போற குளிர்ந்த ரத்தமும் அங்கேர்ந்து திரும்புற சூடான ரத்தமும் பக்கத்து பக்கத்துல எதிரெதிர் திசைல ஓடுற மெல்லிய குழாய்ங்க வழியா போகும், போற வழியிலயே சூடு கைமாறிடும், செவுள் வழியா வெளிய போய் வீணாகாது. எங்க இன்ஜின் ரூம்ல இருக்குற பிளேட் கூலரும் இதே எதிரோட்ட வித்தை தான், நாங்க சூட்ட வெளிய தள்ளுறோம், அது உள்ள புடிச்சு வெக்குது. இந்தப் பக்கத்து நீலத்துடுப்பு சூரை தெக்கு குளிர் கடல்ல மேஞ்சுட்டு, முட்டை போட மட்டும் ஜாவாவுக்கு தெக்கே, ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே இருக்குற சூடான கடலுக்கு வரும், இதுவரைக்கும் தெரிஞ்சு அது முட்டையிடுற எடம் அது ஒண்ணு தான். நாங்க போற வழியும் அந்தப் பக்கம் தான். ஒரே கடல், ஒருத்தனுக்கு வேலி இருக்கு ஒருத்தனுக்கு இல்ல.

27 தெக்கு, 23 டிகிரி

காத்து அடங்கி தென்கிழக்கு காத்தா மாறிடுச்சு, வெயில். கோலா கொட்டுது.

கப்பல் மூக்குக்கு கீழ குமிழ் மாதிரி நீட்டிட்டு இருக்கும்ல, அது தண்ணிய முட்டித் தள்ளிட்டு வர்றதுல மெரண்டு ரெண்டு பக்கமும் பத்து, இருபதுன்னு கெளம்புது. நாங்க 12 நாட் போறோம், மணிக்கு 22 கிலோமீட்டர், அதெல்லாம் அதுக்கு ஒரு வேகமே இல்ல, எங்கள சட்டை பண்ணாம பக்கவாட்டுல தாண்டிப் போகுது. கேடட் பையனும் வந்து நின்னான். "இறக்கைய அடிக்குது சார், நல்லா பாருங்க"ன்னான். அடிக்கலடா, அது நடுங்குது. பழைய காலத்துல விஞ்ஞானிங்களே இதுக்கு சண்டை போட்டிருக்காங்க, ஆனா பறவை மாதிரி இறக்கைய அடிக்கிறதுக்கான நெஞ்சுத் தசை இதுக்கு கெடையாது. வெறும் மிதவை, கிளைடர்.

ஆனா கெளம்புற விதம் இருக்கே, அத எத்தனை தடவை பாத்தாலும் அலுக்கல. துடுப்பு எல்லாத்தையும் ஒடம்போட ஒட்ட மடிச்சுகிட்டு மேற்பரப்ப சாய்வா முட்டி வெளிய வரும். ஒடம்பு காத்துக்கு வந்த உடனே முன்துடுப்ப விரிச்சிடும், ஆனா வாலோட கீழ் மடல் மட்டும் இன்னும் தண்ணிக்குள்ள. அந்த மடல் மேல் மடல விட நீளம், அத வெச்சு நொடிக்கு 50லேர்ந்து 70 தடவை வரைக்கும் பக்கவாட்டுல அடிச்சுகிட்டே ஓடும். தண்ணி மேல பாம்பு போன தடம் மாதிரி நெளிநெளியா ஒரு கோடு விழும், மேலேர்ந்து பாக்க தெளிவா தெரிஞ்சுது. ஏன் இந்த ஓட்டம்னா, காத்து தண்ணிய விட 800 மடங்கு லேசு, ஒடம்பு காத்துல இருக்குறதால இழுவை கம்மி, வால் தண்ணில இருக்குறதால உதைக்க எடம் இருக்கு, ரெண்டு பக்க லாபமும் ஒரே நேரத்துல. அப்படி ஓடி வேகம் ஏறுன பிறகு தான் வாலையும் தூக்கும், அப்போ மணிக்கு 60 கிலோமீட்டர் வரைக்கும் போகுது. எங்க மெயின் இன்ஜின் நிமிஷத்துக்கு 80 சுத்து சுத்துது, இந்த சாண் அளவு மீனோட வால் நிமிஷத்துக்கு 3000 தடவைக்கு மேல. மணிக்கணக்கா வேணாம், சில நொடி தான், ஆனாலும் சரி.

ஒரு மிதப்புல 50 மீட்டர் மாதிரி போகும். வேகம் கொறைஞ்சு கீழ எறங்கும்போது முழுசா முங்காம வாலை மட்டும் தண்ணில விட்டு மறுபடி உதைச்சு மறுபடி கெளம்பும், அப்படி விட்டு விட்டு 400 மீட்டர் வரைக்கும் போனதா பதிவு இருக்கு. 2008ல ஜப்பான்ல ஒரு டிவி குழு படகுலேர்ந்து எடுத்த வீடியோல ஒரு மீன் 45 நொடி பறந்துச்சு. கேடட் கைக்கடிகாரத்த வெச்சு எண்ணிப் பாத்தான், எங்க மீனுங்க அந்த ரெக்கார்டுக்கு பக்கத்துல கூட வரல.

அதுங்க ஏன் உயரமா பறக்காம தண்ணிய உரசிட்டே போகுதுங்கிறதுக்கும் காரணம் இருக்கு. 2010ல தென்கொரியால ரெண்டு பேரு கோலாவ பாடம் பண்ணி காத்துச் சுரங்கத்துல வெச்சு அளந்து பாத்தாங்க. பறவைங்களுக்கு கொஞ்சமும் சளைக்காத மிதப்பு, அதுலயும் மேற்பரப்புக்கு ரொம்ப ஒட்டிப் போகும்போது தான் நல்லா மிதக்குதுன்னு வந்துச்சு. இறக்கைக்கும் தண்ணிக்கும் நடுவுல சிக்குற காத்து இழுவைய கொறைக்குது.

22 தெக்கு, 25 டிகிரி

தண்ணி இப்ப நீலம்னா அப்படி ஒரு நீலம். இங்க்கு பாட்டில் நீலம் இல்ல, அதுக்கும் மேல, கொஞ்சம் ஊதா கலந்தது. அழகா இருக்குன்னு எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, இந்த நீலத்துக்கு அர்த்தம் தண்ணில ஒண்ணும் இல்லைங்கிறது தான். தென் இந்தியப் பெருங்கடலோட பெரிய சுழல் இது, மேல சூடான லேசான தண்ணி மூடி போட்ட மாதிரி கெடக்குறதால அடியில இருக்குற சத்து மேல வராது, சத்து இல்லாம பாசி இல்ல, பாசி இல்லாததால பச்சை இல்ல. சல்தான்யால பாத்த கலங்கலுக்கு நேர் எதிர்.

இப்படி வறண்ட எடத்துல கோலா என்ன சாப்பிடுதுன்னா, மேல்தண்ணில மிதக்குற கடுகு சைஸ் ஜந்துக்கள், முக்கியமா கோப்பிபாடு. கண்ணுக்கு தெரியாத பாசிய அது சாப்பிடும், அதை கோலா சாப்பிடும், கோலாவ டொராடோ, சூரை, மர்லின், கணவாய், கடல் பறவை எல்லாம் சாப்பிடும். நடுக்கடல்ல பெரிய மீனுங்க பல இருக்குறதுக்கு இந்த சின்ன மீன் ஒரு முக்கியமான படி. ஒளிஞ்சுக்க பாறை இல்ல, பவளம் இல்ல, அடியில நாலாயிரம், அஞ்சாயிரம் மீட்டர் இருட்டு, அதனால இதுக்கு ஒரே மறைவிடம் மேல இருக்குற காத்து தான்.

ராத்திரி பிரிட்ஜ் விங்ல நின்னு செகண்ட் ஆபீசர் தெக்கு வானத்துல ஒரு மங்கலான நட்சத்திரக் கூட்டத்த காமிச்சாரு, அதுக்கு பேரே பறக்கும் மீன், வோலன்ஸ். 1595ல ஹாலந்துலேர்ந்து ஜாவாவுக்கு கெளம்புன கப்பல்ங்கள்ல போன பீட்டர் கெய்சரும் ஃப்ரெடரிக் டி ஹவுட்மனும் இந்த தெக்கு நட்சத்திரங்கள அளந்து குறிச்சுகிட்டாங்க, அத வெச்சு பெட்ரஸ் பிளான்சியஸ் வான உருண்டைல புதுக் கூட்டங்கள வரைஞ்சாரு. பறக்கும் மீனுக்கு கொஞ்சம் தள்ளி டொராடோவையும் போட்டுட்டாங்க, தொரத்துற மாதிரி. கெய்சர் 1596ல ஜாவாவோட பான்டென்லயே செத்துப் போயிட்டாரு, ஊரு திரும்பல. எங்க ரூட்டும் நன்னம்பிக்கை முனைப் பக்கத்துலேர்ந்து சுந்தா தான். அவங்களும் கப்பல் ஓரத்துல நின்னு மாசக்கணக்கா இதையே தான் பாத்திருப்பாங்க.

17 தெக்கு, 26 டிகிரி, இன்ஜின் ஸ்டாப்

ஒரு யூனிட்டோட எக்ஸாஸ்ட் வால்வு லீக். கப்பல நிறுத்தி மாத்துனோம், முடிக்கிறதுக்குள்ள ராத்திரி ஆயிடுச்சு. பாய்லர் சூட் ஒடம்புல ஒட்டிகிட்டு மேல வந்து நின்னா ஃபிட்டர் அண்ணன், "தம்பி, மூணாவது ஹேட்ச் பக்கம் ஒண்ணு வந்து விழுந்திருக்கு, ஓடி வா"ன்னாரு. லோடு கப்பல், டெக்கு தண்ணிக்கு கிட்ட, நிலா இல்லாத ராத்திரி, ஃப்ளட் லைட் எரியுது, கோலா வெளிச்சத்துக்கு வரும்.

பக்கெட்ல கடல் தண்ணி புடிச்சு அதுல விட்டுட்டு டார்ச் அடிச்சு பாத்தோம். முதுகு கருநீலம், விலா வெள்ளி, மேலேர்ந்து பாத்தா கடலோட சேர்ந்துடும், கீழேர்ந்து பாத்தா வானத்தோட. வயிறு உருண்டையா இல்லாம தட்டையா இருந்துச்சு, மிதக்குறதுக்கு தோதா. கையில தூக்குனா செதில் பொலபொலன்னு ஒட்டிகிச்சு. முன்துடுப்ப ரெண்டு விரலால மெதுவா விரிச்சேன், விசிறி மாதிரி விரிஞ்சு வால் அடிப்பக்கம் வரைக்கும் போகுது, முன்னோர முள் மட்டும் தடிச்சு விறைப்பா, மத்ததெல்லாம் நுனியில கிளை பிரிஞ்சு நடுவுல கண்ணாடி மாதிரி சவ்வு. விட்ட உடனே டக்னு மடிஞ்சுகிச்சு. வயித்துத் துடுப்பு சின்னது. அப்போ இது ரெட்டை இறக்கை ஜாதி, எக்ஸோசீட்டஸ். இன்னொரு ஜாதிக்கு வயித்துத் துடுப்பும் பெருசா இருக்கும், நாலு இறக்கை.

கண்ணு பெருசு. மீன் கண்ணு தண்ணிக்குள்ள பாக்க செஞ்சது, காத்துக்கு வந்தா ஒளி வேற மாதிரி வளையும், எல்லாம் மங்கிடும். ஆனா கோலாவோட கண்ணுல மேல இருக்குற விழிப்படலம் உருண்டையா இல்லாம மூணு தட்டை முகம் வெச்ச பிரமிடு மாதிரி இருக்கும், அதனால தண்ணிலயும் பாக்கும் காத்துலயும் பாக்கும். ஃபிட்டர் அண்ணன், "அப்புறம் ஏன் நம்ம கப்பல்ல வந்து முட்டுச்சு"ன்னாரு. லைட்டு அடிச்சா யாருக்குத் தான் கண்ணு தெரியும். ரெண்டு நிமிஷத்துல பக்கெட்டோட கடல்ல ஊத்திட்டோம்.

அதே ராத்திரி இன்னொன்னு. கப்பல் பக்கத்துல மிதந்து வந்த பழைய வலைத் துண்டு ஒண்ண டெக் ஆளுங்களுக்கு தலைவரான போசன் கொக்கிக் கயிறு போட்டு இழுத்துட்டாரு. நைலான் பூரா பிசுபிசுன்னு கண்ணாடி மணி கோத்த மாதிரி முட்டை, ஒவ்வொண்ணும் ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும், ஒவ்வொண்ணுலேர்ந்தும் மெல்லிய நூல் கெளம்பி வலையில சுத்தியிருக்கு. டார்ச்ச பின்னாடி வெச்சு பாத்தா உள்ள ரெண்டு கருப்புப் புள்ளி, கண்ணு. கோலா இனங்கள்ல பலது இப்படித் தான், மிதக்குற பாசி, கட்டை, தென்னமட்டை எது கெடைச்சாலும் அதுல ஒட்டிடும், இப்போ பிளாஸ்டிக்கும் அந்த லிஸ்ட்ல சேந்துடுச்சு. எங்க பக்கெட்ல இருந்த எக்ஸோசீட்டஸ் மட்டும் வேற மாதிரி, அதோட முட்டைல நூலே கெடையாது, எதுலயும் ஒட்டாம தனியா மிதக்கும். அதனால கரைலேர்ந்து எவ்ளோ தூரத்துலயும் அதால குடும்பம் நடத்த முடியுது.

வலைய என்ன பண்றது. சீஃப் ஆபீசர் வந்து பாத்துட்டு, மேல ஏத்துன பிளாஸ்டிக் மறுபடி கடலுக்கு போகக் கூடாதுன்னாரு. கப்பல்லேர்ந்து கடல் கெடாம இருக்க போட்ட மார்பால் சட்டம் அப்படி, அது சரியும் கூட, அந்த வலை எத்தனை ஆமைய சுத்துமோ. பொறிக்கப் போற முட்டை ஆச்சேன்னு போசன் ஹோஸ் அடிச்சு முடிஞ்சத கழுவி விட்டாரு, நூல் சுத்துனது லேசுல விடல. மிச்சம் குப்பை ட்ரம்முக்கு போச்சு. எனக்கு அது ஒரு மாதிரியா தான் இருந்துச்சு.

கோகோஸ் தீவு தாண்டி, 28 டிகிரி

விருந்தாளிங்க வந்தாச்சு. செங்கால் பூபி பறவைங்க, நீல மூக்கு செவப்பு காலு, முன்மாஸ்ட்ல வரிசையா உக்காந்து டெக்க பூரா வெள்ளையடிச்சு வெச்சிருக்குங்க, போசன் கொதிச்சுப் போயிருக்காரு. அதுங்க எங்க கூட வர்றது லிஃப்ட்டுக்கு மட்டும் இல்ல. கப்பல் மெரட்டி கோலாவ கெளப்புது, கெளம்புன மீன பூபி பாஞ்சு புடிக்குது, சில சமயம் காத்துலயே. நாங்க டீசல் எரிச்சு அதுங்களுக்கு வேட்டைக்கு ஆள் வேலை பாக்குறோம்.

சாயங்காலம் கப்பலோட நிழல் ஓரத்துல பச்சையும் தங்கமுமா ஒரு மின்னல், டொராடோ. பறந்து போற மீனுக்கு நேர் கீழ தண்ணிக்குள்ளயே தொரத்திட்டுப் போச்சு, மீன் வேகம் கொறைஞ்சு எறங்குற எடத்துல தண்ணி தெறிச்சுது, அதுக்கப்புறம் எதுவும் கெளம்பல. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு இதத் தான் சொல்லணும், கீழ இருந்தா டொராடோ, மேல வந்தா பூபி. பறக்குறது தப்பிக்கிற வழி, ஆனா இந்தத் தீவுங்க பக்கம் அது பாதி வழி தான். கிறிஸ்துமஸ் தீவுல மட்டுமே கூடு கட்டுற ஃப்ரிகேட் பறவை ஒண்ணு இருக்கு, அது தண்ணில எறங்கவே எறங்காது, மேற்பரப்புலேர்ந்து அலகால கொத்தி எடுக்கும், கோலா மாதிரி ஆளுங்க தான் அதுக்கு வாழ்க்கை.

இவ்ளோ ஆபத்துலயும் இந்த வித்தை ஒரு தடவை தான் தோணுச்சுன்னு இல்ல. சீனால 20 கோடி வருஷத்துக்கும் முந்துன பாறைல பறக்கும் மீன் ஒண்ண கண்டுபிடிச்சு 2012ல பேரு வெச்சாங்க, பொட்டானிக்திஸ், இப்ப இருக்குற கோலாவுக்கும் அதுக்கும் சொந்தமே கெடையாது, தனியா கத்துகிட்டு அழிஞ்சு போன குடும்பம். 2021ல வேற ஒரு ஆய்வுல வரிக்குதிரை மீன்ல ரெண்டே ரெண்டு மரபணுவ மாத்தி, கோலா மாதிரி முன்துடுப்பு நீண்டு மத்த துடுப்பு சின்னதா இருக்குற அமைப்ப கொண்டு வந்துட்டாங்க. துடுப்பு நீளுறது அவ்ளோ கஷ்டம் இல்ல போல. அந்த வாலோட வேகமும் அந்த கண்ணும் தான் கஷ்டம்.

சுந்தா ஜலசந்தி, 29 டிகிரி

இன்னைக்கு லாக்ல இந்தப் பயணத்துலயே அதிக சூடு. நேத்து வரைக்கும் நான் போட்டு வெச்சிருந்த கணக்குப்படி கோலா இங்க கொழிக்கணும். காலைல ஜாவாவோட நிலம் தெரியறதுக்கு முன்னாடி நீலத் தண்ணில நெறைய இருந்துச்சு, அப்புறம் ஆழம் கொறைஞ்சு தண்ணி பச்சைக்கு மாற மாற ஒவ்வொண்ணா கொறைஞ்சு, கரகடோவா எரிமலை தெரியறப்போ ரெட்டை இறக்கை பெரிய ஆளு ஒண்ணு கூட இல்ல. சூடு போதும், கடல் பத்தல. இந்த எக்ஸோசீட்டஸுக்கு கரையோட வாடையே ஆகாது, ஆழமான தெளிஞ்ச தண்ணி வேணும். சூடு ஒரு வேலின்னா இது இன்னொரு வேலி, அத காட்ட என் லாக்புக்ல கட்டம் இல்ல.

கேடட் ஃபோக்சில்ல ஆங்கர் ஸ்டாண்ட்பைக்கு நின்னுட்டு ரேடியோல கூப்பிட்டான், "சார், இன்னும் இருக்கு, ஆனா பொடிசு." விரல் நீளத்துல குட்டை இறக்கை வெச்ச கூட்டம் ஒண்ணு, கரையோர ஜாதியா இருக்கும், கெளம்புன வேகத்துல பொத்துனு விழுந்துடுதாம், நாலஞ்சு மீட்டர் கூட தாண்டல.